தெரு தன் பாட்டுக்கு இருக்கும்போது: ஏற்பாடில்லாத படம் எடுக்கும் முறை

டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவரிடம் "கொஞ்சம் இப்படித் திரும்புங்க சார்" என்று சொன்ன நொடியிலேயே படம் வேறு வகையாகிவிடும். அது நல்ல உருவப்படமாகவும் வரலாம். ஆனால் இங்கே சொல்லப்போவது அந்த வகையை அல்ல. யாரையும் நிற்கச் சொல்வதில்லை, செய்ததை மறுபடி செய்யச் சொல்வதில்லை, எந்தப் பொருளையும் நகர்த்துவதில்லை. குறுக்கே கிடக்கும் பிளாஸ்டிக் குடத்தைக்கூட. குடம் உறுத்தினால் நகர வேண்டியது நீங்கள்தான்.

விதி சின்னது என்பதால் வேலை சுலபம் என்று நினைக்க வேண்டாம். ஆள், வெளிச்சம், பின்னணி எதுவும் உங்கள் சொல் கேட்காது. நிற்கும் இடமும் நேரமும் மட்டும்தான் உங்கள் கையில். ஆகவே ஆளைத் துரத்தாமல் இடத்தைப் பிடித்துக் காத்திருக்கப் பழக வேண்டும். ஆளைத் தேடித் தெருத் தெருவாக அலைபவரின் மெமரி கார்டில் கடைசியில் மிஞ்சுவது முதுகுகள்தான்.

வீட்டிலிருந்து அரை கிலோமீட்டர்

ஞாயிறு காலையில் கோயம்பேடு பூச்சந்தைக்கோ மயிலாப்பூர் மாடவீதிக்கோ போனால் உங்களுக்கு முன்பே சில கேமராக்கள் அங்கே நிற்கும். வியாபாரிகளுக்கும் கேமரா பழகிப்போயிருக்கும். லென்ஸைப் பார்த்ததும் சிலர் தாமாகவே மாலையைத் தூக்கிக் காட்டுவார்கள். பழகுகிற காலத்தில் அதைவிட உங்கள் தெருவே மேல். எந்தக் கடை எத்தனை மணிக்கு ஷட்டரைத் தூக்கும், தண்ணீர் லாரி எந்த முனையில் நிற்கும், இஸ்திரி வண்டிக்காரர் எப்போது கரி மூட்டுவார் என்பதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். வெளியாள் ஒருவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து கற்க வேண்டிய பாடம் அது.

தெரிந்ததைக் காகிதத்தில் எழுதுங்கள். விடியற்காலை 4:30-க்குப் பால் டிரேக்கள் இறங்கும். பக்கத்திலேயே பேப்பர் போடுபவர்கள் தரையில் உட்கார்ந்து இணைப்பிதழ் செருகுவார்கள். 5:30-க்கு வாசல் தெளிப்பு. 7:30-லிருந்து 8:30 வரை ஸ்கூல் வேன், கடைசி நிமிடத்தில் தலை பின்னும் அம்மாக்கள், மாடியிலிருந்து தூக்கிப் போடப்படும் மறந்துபோன டிபன் பை. பத்து மணிக்கு மேல் கீரை வண்டி, பழைய பேப்பர் வண்டி. மதியம் இரண்டுக்கு ஆட்டோவின் பின்சீட்டில் கால் வெளியே நீட்டிய தூக்கம். நாலரைக்குப் பள்ளி விட்ட கூட்டம், ஐந்துக்குப் பூக்கட்டும் அம்மா, ஏழரைக்குக் கொத்துபரோட்டா. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று குறிப்பு போதும்: நேரம், அந்த நேரத்தில் வெயில் எந்தப் பக்கம், பின்னால் என்ன இருக்கிறது. மூன்றும் சரியாக அமைந்த வரிகளுக்குச் சுழி போடுங்கள். பெரும்பாலான தெருக்களில் ஐந்தாறுதான் தேறும், அதுவே சில மாதங்களுக்குக் காணும்.

வெயில் விஷயத்தில் இணையப் பாடங்களை அப்படியே நம்ப வேண்டாம். அவை பெரும்பாலும் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் வைத்து எழுதப்பட்டவை. அங்கே கோடையில் சாய்வெயில் மணிக்கணக்கில் நிற்கும். நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுகிறது; உதயமாகி இரண்டு மணி நேரத்தில் 25 முதல் 30 டிகிரி உயரத்துக்குப் போய்விடும். முகத்தில் பக்கவாட்டாக வெளிச்சம் விழும் நேரம் காலையில் முதல் ஒன்றரை மணி நேரமும் மாலையில் கடைசி ஒன்றரை மணி நேரமும்தான். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த நாட்களில் நடுப்பகலில் எடுத்தால் கண்கள் இரண்டும் கருங்குழிகளாகத்தான் வரும்.

இதிலேயே நமக்குச் சாதகமான இரண்டு விஷயங்களும் உண்டு. மே முதல் ஜூலை வரை சூரியன் உச்சிக்கு வடக்கே போவதால், வருஷத்தில் பெரும்பகுதி நிழலிலேயே கிடக்கும் வடக்குப் பார்த்த சுவர்கள் அப்போது வெளிச்சம் பெறும். மார்கழியில் சென்னையின் நடுப்பகல் சூரியன்கூட சுமார் 54 டிகிரி உயரத்தில், தெற்கிலிருந்து சாய்ந்து வரும். அப்போது மதியம் பன்னிரண்டுக்கும் தாராளமாக எடுக்கலாம்.

தெருவின் திசையையும் பாருங்கள். கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் காலையும் மாலையும் வெயில் தெருவின் நீளத்துக்கே ஓடும். நீண்ட நிழல், பின்னொளி, தூசியில் தெரியும் கதிர் எல்லாம் அங்கேதான். வடக்கு தெற்காக ஓடும் தெருவில் ஒரு பக்கம் வெயில், எதிர்ப்பக்கம் நிழல். அந்த நிழல் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தில், எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் விழும். தோல் நிறம் உள்ளபடி தெரிய அதைவிட நல்ல விளக்கு கிடையாது.

பின்னணி முதலில், ஆள் பிறகு

நிற்பதற்கு ஓர் இடம் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். ஆளின் தலைக்குப் பின்னால் குழப்பமில்லாத ஒரு பரப்பு, வெயிலும் நிழலும் பிரியும் ஒரு கோடு, மனிதர்கள் அங்கே வர ஒரு காரணம். மூன்றாவதுதான் மறந்துபோகும். நல்ல நீலச் சுவருக்கு முன்னால் யாரும் வராவிட்டால் அது சுவரின் படம். மனிதர்கள் தாமதிக்கும் இடங்கள் வேண்டும்: பஸ் ஸ்டாப், கார்ப்பரேஷன் குழாய், ரேஷன் கடை வரிசை, பள்ளிக் கேட், மருந்துக்கடைப் படி.

தெருமுனைப் பிள்ளையார் கோவில் இதற்கு அருமையான இடம். பைக்கில் போகிறவர் வேகத்தைக் குறைத்து, ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, நெஞ்சைத் தொட்டு உதட்டுக்குக் கொண்டுபோவார். நடந்து வருகிறவர் செருப்பை முழுக்கக் கழற்றாமல் குதிகாலை மட்டும் வெளியே எடுத்து நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். காய்கறிப் பை கையில் இருந்தால் அது மணிக்கட்டில் தொங்கும். இவையெல்லாம் ஒரு நொடிக்கும் குறைவாக நடப்பவை, ஆனால் ஒரே இடத்தில் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப நடப்பவை. அந்த மாதிரி இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

அந்த இடத்திலிருந்து சுமார் 3 மீட்டரில் நில்லுங்கள். ஃபோனின் முதன்மைக் கேமராவில், அதாவது ஏறக்குறைய 24 முதல் 26 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சமமான அகலப் பார்வையில், படுக்கை வாட்டில் பிடித்தால் நிற்கும் ஆள் ஃப்ரேமின் உயரத்தில் பாதிக்குச் சற்று மேலே வருவார். 6 மீட்டருக்குப் போனால் கால்பங்குதான். புதிதாக எடுப்பவர்களின் படங்கள் வெறிச்சென்று இருக்க முக்கியக் காரணம் இந்த மூன்று மீட்டர் வித்தியாசம். கூச்சத்தால் பின்னால் நின்று, வீட்டுக்கு வந்து வெட்டிப் பெரிதாக்கினால் பிசிறுதான் பெரிதாகும்.

நின்ற பிறகு முதல் வேலை நான்கு மூலைகளையும் பார்ப்பது. பாதி வெட்டுப்பட்ட பைக், ஓரத்தில் எட்டிப் பார்க்கும் ஒரு முழங்கை, தலைக்கு மேலே முளைத்த ஈபி கம்பம் ஆகியவற்றில் பெரும்பாலானவை பக்கவாட்டில் அரை அடி நகர்ந்தால் சரியாகிவிடும். ஒயர்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நம் தெருவில் ஒயர் இருக்கிறது, படத்திலும் இருக்கட்டும்.

பிறகு காத்திருங்கள். இருபது நிமிடம் நல்ல கணக்கு. அதற்குள் எதுவும் அமையாவிட்டால் வெளிச்சம் மாறியிருக்கும், இடத்தை மாற்றலாம். ஆள் உள்ளே வரும்போது இரண்டைக் கவனியுங்கள். நடப்பவரின் முன்கால் குதி தரையைத் தொடும் தருணத்தில் கால்கள் விரிந்திருக்கும். கால்கள் ஒட்டியிருக்கும்போது எடுத்தால் ஒற்றைக்கால் மனிதர் போலத் தெரியும். இருவர் வந்தால் இரண்டு தலைகளுக்கும் நடுவே பின்னணி தெரிய வேண்டும். தலைகள் ஒன்றோடொன்று மோதிய படத்தை எந்த எடிட்டிங்காலும் காப்பாற்ற முடியாது. கணுக்காலிலும் மணிக்கட்டிலும் வெட்டாதீர்கள். வெட்டத்தான் வேண்டும் என்றால் இடுப்பிலோ தொடையிலோ வெட்டுங்கள்.

ஃபோன், கேமரா: என்ன வைப்பது

ஃபோனே போதும். முதலில் லென்ஸைத் துடையுங்கள். பாக்கெட்டின் வியர்வையும் விரல் எண்ணெயும் படிந்த லென்ஸில் எடுத்தால் பின்னொளி முழுக்க வெள்ளைப் புகையாகப் பரவும். "கேமரா சரியில்லை" என்ற புகார்களில் பாதி துடைத்தாலே தீரும். அடுத்து பியூட்டி மோடையும் போர்ட்ரெய்ட் மோடையும் நைட் மோடையும் அணைத்துவிடுங்கள். நைட் மோடு பல ஃப்ரேம்களைச் சேர்த்து ஒரு படமாக்குவதால், நகரும் கை ஆவியாகிவிடும். அல்ட்ரா வைடு லென்ஸ் ஓரத்தில் இருப்பவரின் தலையை இழுத்து நீட்டும். அந்த லென்ஸில் கூட்டத்தை எடுக்க வேண்டாம்.

ஆள் வரப்போகும் இடத்தின் தரையைத் திரையில் விரலால் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவு) பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடுங்கள். ஃபோனின் கணக்கு எப்போதும் படத்தைப் பளிச்சென்று வைக்கப் பார்க்கும். வெயிலில் வெள்ளை வேட்டியும் மல்லிகைச் சரமும் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். திட்டானதை மீட்க முடியாது, நிழலில் இருப்பதை ஓரளவு தூக்கலாம். எடுப்பதற்கு வால்யூம் பட்டனைப் பயன்படுத்துங்கள். திரையைத் தட்டும்போது ஃபோன் ஆடும், ஈர விரலென்றால் தட்டினதே தெரியாது.

கேமரா வைத்திருப்பவர்கள் 23 மில்லிமீட்டர் லென்ஸை ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சாரிலோ, 35 மில்லிமீட்டரை ஃபுல் ஃப்ரேம் என்ற பெரிய சென்சாரிலோ போட்டுக்கொள்ளலாம். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, ஏபிஎஸ்-சியில் லென்ஸின் திறப்பை எஃப் 8-இல் வைத்து 2.5 மீட்டரில் ஃபோகஸைப் பூட்டினால் சுமார் 1.4 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். ஃபுல் ஃப்ரேமில் 35 மில்லிமீட்டர், எஃப் 8, 3 மீட்டர் என்றால் 1.9-லிருந்து 7 மீட்டர் வரை. இதன்பின் ஃபோகஸுக்காகக் கேமரா தடுமாறும் அரை நொடி உங்களுக்கு மிச்சம். தூரத்தைக் கண்ணால் அளக்கப் பழகுங்கள்: ஒரு பைக்கின் நீளம் சுமார் 2 மீட்டர்.

ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், நடப்பவருக்கு 1/250 நொடி, சைக்கிளுக்கும் மெதுவாகப் போகும் பைக்குக்கும் 1/500, பக்கத்தில் ஓடும் குழந்தைக்கு 1/1000. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 400, எஃப் 8 என்றால் 1/1600 கிடைக்கும். திறந்த நிழலில் அதே அமைப்பு 1/200-க்கு இறங்கிவிடும், அங்கே ஐஎஸ்ஓ 800 வேண்டும். வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போகும் தெருவில் இதைக் கையால் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. ஆட்டோ ஐஎஸ்ஓ வைத்து, குறைந்தபட்ச ஷட்டர் 1/250 என்றும் அதிகபட்ச ஐஎஸ்ஓ 6400 என்றும் கட்டிவிடுங்கள். கொஞ்சம் மணல்மணலாக வந்தால் பரவாயில்லை, கை அசைந்த படத்துக்குத்தான் மருந்தில்லை.

வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் ஏமாறும் இடங்கள் சில. வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கும் கறுத்த முகம் இன்னும் கறுப்பாக வரும்: எக்ஸ்போஷரை 0.7 அல்லது 1 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) ஏற்றுங்கள். இருட்டான கடை வாசலில் வெள்ளைச் சட்டைக்காரர் வெளிறிப்போவார்: அதே அளவு இறக்குங்கள். அரக்குச் சிவப்புப் புடவையும் சாமந்தி மஞ்சளும் ஹிஸ்டோகிராமின் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பொது வரைகோட்டில் பத்திரமாகத் தெரிந்தாலும், சிவப்புக்கான தனிக்கோட்டில் முட்டியிருக்கும். துணியின் மடிப்புகள் காணாமல் போவது அதனால்தான்.

டீக்கடை, பக்கத்திலிருந்து

ஒரே இடத்தில் எல்லாவற்றையும் பழகிக்கொள்ள டீக்கடை போதும். முதலில் டீ சொல்லிக் குடியுங்கள். கல்லாவுக்கு நேர் எதிரே வழியை மறித்து நிற்கக் கூடாது. பாய்லருக்குப் பக்கவாட்டில், மாஸ்டரின் வலது தோளுக்கு நேரே சுமார் 2 மீட்டர் தள்ளி நின்றால் ஆற்றும் இரண்டு கைகளும் தெரியும், வாடிக்கையாளர் வரும் வழியும் விலகியிருக்கும். மாஸ்டர் இடதுகைக்காரர் என்றால் மறுபக்கம்.

ஆவி தெரிய இரண்டு வேண்டும்: ஆவிக்குப் பின்னாலிருந்து வெளிச்சம், அந்த வெளிச்சத்துக்கும் பின்னால் இருட்டு. காலை வெயில் கடைக்குள் பக்கவாட்டாக நுழைந்து, உள்சுவர் கரியேறி இருட்டாக இருந்தால் ஆவி தனித்துத் தெரியும். வெள்ளை டைல்ஸ் ஒட்டிய புதுக் கடையில் எவ்வளவு கொதித்தாலும் ஆவி படத்தில் விழாது, நிற்கும் கோணத்தை மாற்றி இருட்டான மூலை ஒன்றைப் பின்னால் கொண்டுவாருங்கள்.

டீ ஆற்றுவது ஒரு தாளத்தில் நடக்கும். மேலே போகும் கை உச்சியில் ஒரு கணம் தயங்கும், பிறகு இறங்கும். உச்சிக்குச் சற்று முன்பே அழுத்துங்கள். நீங்கள் அழுத்தி ஃபோன் எடுத்து முடிக்கும்போது கை உச்சியில் இருக்கும். நாலைந்து முறை பார்த்து எண்ணினால் தாளம் பிடிபட்டுவிடும். எதைச் சேர்ப்பது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். டீயின் கோடு முழுசாக வேண்டுமானால் நிமிர்த்திப் பிடியுங்கள், மேல் டம்ளருக்கு மேலே ஒரு சாண் இடம் விடுங்கள். பெஞ்சில் காத்திருப்பவரும் வேண்டுமானால் படுக்கையாகப் பிடித்து, அவர் முகம் டீக்கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழும்படி நகருங்கள்.

விடியும் முன் டியூப்லைட்டில் எடுத்தால் படம் முழுக்கக் குறுக்கே கருப்பும் மஞ்சளுமாகப் பட்டைகள் விழலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது. 1/500-இல் எடுத்தால் அந்த மங்கல் பட்டையாகப் பதியும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள். கேமராவில் ஃப்ளிக்கரைத் தடுக்கும் வசதி இருந்தால் 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். மட்டமான எல்இடி பல்புகளிலும் இதே தொல்லைதான். 1/100-இல் டீ உறைந்து நிற்காது, வழுக்கலான ஒரு பழுப்பு நாடாவாக வரும், அதுவும் அழகுதான். துளிகள் தனித்தனியாகத் தெரிய வேண்டுமானால் வெயில் வரும்வரை பொறுத்து 1/1000-க்குப் போங்கள்.

எவர்சில்வர் பாய்லர் வெயிலில் கண்கூசும் வெள்ளைப் புள்ளியாகப் படத்தைக் கெடுக்கும். ஒரு அடி இடமோ வலமோ போனால் புள்ளி விலகிவிடும். சில சமயம் பாய்லரின் வளைவில் நீங்களே கேமராவோடு தெரிவீர்கள், அதையும் பாருங்கள். ஃபிளாஷ் வேண்டாம். ஆவி வெள்ளைத் திரையாகிவிடும், கடையில் இருக்கும் அத்தனை பேரும் திரும்பிவிடுவார்கள்.

ஆட்களிடம் எப்படி

ஒளிந்து எடுக்காதீர்கள். தூரத்துக் கட்டடத்திலிருந்து 200 மில்லிமீட்டர் லென்ஸில் எடுப்பதை இந்த வகையில் சேர்க்கவே கூடாது என்பது எங்கள் கட்சி. படமும் தட்டையாக இருக்கும், மாட்டிக்கொண்டால் சொல்வதற்குப் பதிலும் இருக்காது. கேமராவை மார்புக்கு நேரே வெளிப்படையாகப் பிடித்துக்கொண்டு அதே தெருவில், அதே நேரத்தில் பலமுறை நில்லுங்கள். முதல் சில நாள் எல்லாரும் பார்ப்பார்கள். பிறகு "அந்த ஃபோட்டோ எடுக்கிற தம்பி" ஆகிவிடுவீர்கள், பார்ப்பதை விட்டுவிடுவார்கள். ஏற்பாடில்லாத படத்துக்கு வாசல் திறப்பது அப்போதுதான்.

"எதுக்குப்பா எடுக்குற?" என்று கேட்டால் நீண்ட விளக்கம் வேண்டாம். "நம்ம தெருவத்தான்ணே எடுத்துட்டிருக்கேன், பாருங்க" என்று திரையைக் காட்டுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அழிக்கச் சொன்னால் அவர் கண்முன்னே அழியுங்கள், "சமீபத்தில் அழித்தவை" பகுதியிலிருந்தும் அழியுங்கள். சட்டம் பேசாதீர்கள். நாளைக்கும் அதே தெருவில்தான் நிற்க வேண்டும்.

யாராவது கேமராவைப் பார்த்து நேராக நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டால் எடுத்துவிடுங்கள், எடுக்காமல் போவது அவமரியாதை. அவர் திருப்தியாகித் தன் வேலைக்குத் திரும்பும் அடுத்த சில நொடிகள்தான் உங்களுடையவை. கேமராவைக் கீழே இறக்காதீர்கள்.

தெரிந்தவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவைப்பது ஏற்பாடாகாதா என்று ஒரு சந்தேகம் வரும். பக்கத்து வீட்டு அக்காவிடம் "மார்கழி முழுக்கக் காலையில வருவேன்க்கா, நீங்க பாட்டுக்குக் கோலம் போடுங்க" என்று ஒருநாள் சொல்லிவிட்டு, நாலு நாள் கழித்துப் போய் எடுத்தால் அவர் மறந்தே போயிருப்பார். சம்மதம் ஒரு நாள், படம் வேறொரு நாள். பெண்களைப் படம் எடுக்கும் விஷயத்தில் இந்த முறையே நல்லது.

குழந்தைகளை எடுக்குமுன் பக்கத்தில் இருக்கும் பெரியவரிடம் கேளுங்கள். பள்ளிச் சீருடையும் பெயரும் சேர்ந்து தெரியும் படத்தை இணையத்தில் போடாதீர்கள். நடைபாதையில் தூங்குபவர், குடித்து விழுந்தவர், ஆஸ்பத்திரி வாசலில் அழுபவர் இவர்களைவிட்டு விலகுங்கள். மறுப்புச் சொல்ல முடியாத நிலையில் இருப்பவரைப் படமாக்குவதில் திறமை ஒன்றுமில்லை.

சட்டம் சுருக்கமாக: பொது இடத்தில் மனிதர்களைப் படம் எடுப்பதைப் பொதுவாகத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அனுமதியின்றிப் படம் எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவில் குற்றம். 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யாரும் பார்க்கவில்லை என்று நம்பி அந்தரங்கச் செயலில் இருக்கும் பெண்ணைப் படம் எடுப்பது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவில் வரும். ராணுவ இடங்கள் போன்ற தடைசெய்யப்பட்ட பகுதிகளுக்கு 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இருக்கிறது, பலகை கண்ட இடத்தில் கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள். தமிழகக் கோவில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கோவில் வாழ்க்கையை எடுக்க ஆசையென்றால் வாசலும் பூக்கடையும் செருப்பு விடும் இடமும் வெளியேதான் இருக்கின்றன. கடை, மால், மருத்துவமனை போன்றவற்றின் உள்ளே உரிமையாளர் சொல்வதுதான் விதி.

மார்கழியும் மழையும்

மார்கழியில் கோலம் போடும் நேரம் இருட்டு. வாசல் டியூப்லைட்டில் எஃப் 2, 1/100, ஐஎஸ்ஓ 3200 அளவில் ஆரம்பியுங்கள். குனிந்திருப்பவரின் பின்னால் நிற்காதீர்கள். கோலத்துக்கு எதிர்ப்பக்கம் தெருவில் குந்தி உட்காருங்கள். புள்ளி வரிசை உங்களை நோக்கி ஓடி வரும், மாவு வழியும் விரல்கள் முன்னால் இருக்கும். மாவு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விழும் அந்த இடத்தில்தான் ஃபோகஸ் இருக்க வேண்டும், முகத்தில் அல்ல. உதயத்துக்குப் பிறகு அரை மணி நேரத்தில் மறுபடி ஒரு முறை வாருங்கள். படுக்கை வெயிலில் ஒவ்வொரு இழைக்கும் நிழல் விழுந்து கோலம் தரையிலிருந்து எழும்பித் தெரியும். அதற்குள் யாராவது அதன்மேல் சைக்கிளை ஓட்டியிருந்தால் இன்னும் நல்லது, அந்தச் சக்கரத் தடத்தையும் சேர்த்து எடுங்கள்.

மழையில் பெரிய எதிரி நீரைவிட ஈரக்காற்று. ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் லென்ஸ் வேர்த்துவிடும். கேமராவைப் பையிலேயே மூடி வைத்து வெளிக்காற்றின் சூட்டுக்கு 20 நிமிடம் பழகவிடுங்கள். திரும்பி வந்ததும் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் ஐப்பசி தாண்டுவதற்குள் லென்ஸில் பூஞ்சை வந்துவிடும். மழைத்தாரை தெரிய ஆவிக்குச் சொன்ன அதே விதிதான்: பின்னால் இருட்டு, பக்கத்திலிருந்து வெளிச்சம். 1/60-இல் நீளக் கோடுகளாக விழும், 1/500-இல் புள்ளிகளாகும். தேங்கிய நீரில் தெரியும் பிம்பத்துக்கு ஃபோனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் நீருக்கு இரண்டு விரல் உயரத்தில் இருக்கும்படி வையுங்கள். மழை விட்ட உடனே வரும் கால் மணி நேரத்தைத் தவற விடாதீர்கள். கடை ஓரத்தில் ஒதுங்கிய கூட்டம் தெருவில் இறங்கும் அந்தத் தயக்கம் மழையைவிட நல்ல படம்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றே தேர்ந்தெடுக்காதீர்கள். எடுத்த சூட்டில் நினைவும் உழைப்பும் படத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். முதலில் சின்ன அளவில் பாருங்கள். கட்டைவிரல் அளவில் புரியாத படம் பெரிதாக்கினாலும் புரியாது. நூற்றுக்கு ஒன்றிரண்டு தேறினால் நல்ல நாள்.

வெளிச்சத்தையும் நிறத்தையும் சீர்செய்யலாம், ஓரத்தைக் கொஞ்சம் வெட்டலாம். ஃபோனில் வரும் அழிப்பான் கருவியால் ஆளையோ குப்பைத்தொட்டியையோ நீக்குவது, ஏஐ கொண்டு வானத்தை மாற்றுவது இவையெல்லாம் குடத்தை நகர்த்துவதே, வீட்டில் உட்கார்ந்து செய்கிறீர்கள் என்பதுதான் வித்தியாசம். நிறம் சரியில்லாத படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிக் காப்பாற்றும் பழக்கத்தையும் விடுங்கள். கறுப்பு வெள்ளை வேண்டுமென்றால் எடுக்கும்போதே அப்படிப் பார்த்து எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரிக் குறிப்பு எழுதுங்கள்: இடம், தேதி, நேரம், என்ன நடக்கிறது. "வாழ்க்கை", "உழைப்பு" போன்ற தலைப்புகள் எதற்கும் உதவாது. "தெற்குத் தெரு முனைக் குழாய், 2025 மே, காலை 6:10, லாரி வராத நாள்" என்றால் பத்து வருஷம் கழித்து அந்தக் குழாயே இல்லாதபோது அந்த வரிக்கு மதிப்பு இருக்கும். ஃபைல் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியைப் போட்டால் தானாக அடுக்கிக்கொள்ளும். ஃபோனில் ஒரு நகல், தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல், இரண்டும் வேண்டும்.

படத்தில் இருப்பவருக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள், அடுத்த முறை அந்த இடத்தில் நிற்பது சுலபமாகும். 4-க்கு 6 அங்குல பிரிண்டுக்கு 1200-க்கு 1800 பிக்ஸல் இருந்தால் போதும். டீக்கடை மாஸ்டருக்கும் பூக்கார அம்மாவுக்கும் காகிதத்தில் கொடுப்பதுதான் மரியாதை; கடைச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பவர்களும் உண்டு. வாட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்கு "டாக்குமென்ட்" ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப் போய், அவர்கள் லேபில் கொடுத்துப் பெரிதாகப் போடும்போது முகம் பிசிறிவிடும்.